ஒரே ஆய்வுகூடத்தின் இரு மருந்துகள்: எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்வு

மருத்துவ வரலாற்றில் 1948 ஆம் ஆண்டு விநோதமானதோர் ஆண்டாகும். குருதிப் புற்றுநோயினால் பீடிக்கப்பட்ட குழந்தைகளின் நோயைச் சில வாரங்களுக்கேனும் பின்வாங்கச் செய்த ஒரு மருந்து பற்றிய கட்டுரை அவ்வாண்டு ஜூன் மாதம் ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியாகியது. அடுத்த மாதமே, பலவகைப் பற்றீரியாக்களை அடக்கவல்ல புதியதொரு நுண்ணுயிர்க்கொல்லி நியூயோர்க் நகரில் அறிவியலாளர் முன்னிலையில் அறிமுகம் செய்து வைக்கப்பட்டது. இரண்டும் லெடர்லே என்னும் ஒரே நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உருவானவை. இரண்டுக்கும் ஆராய்ச்சிப் பணிப்பாளராக இருந்தவரும் ஒருவரே. ஆனால், அதற்கடுத்த ஆகஸ்ட் மாதத்தில் அவர் இவ்வுலகை விட்டு நீங்கி விட்டார். அப்போது அவருக்கு வயது 53.

அவர்தான் சென்னையில் கற்றுத் தேறிய டொக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ். பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங்கின் பெயரை நமது பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். சுப்பாராவின் பெயரையோ உயிர் இரசாயனம் கற்ற மாணவர்களும் மருத்துவர்களுமே பெரும்பாலும் அறிவர். அவரை இங்கு நினைவுகூர்வதற்கு அவரது பெருமை மட்டும் காரணமன்று. அவரது ஆய்வுகூடத்தின் முதல் மருந்து புற்றுநோயை அடக்கும்போது குழந்தையின் வெண்குருதிக் கலங்களையும் சேர்த்தே அழித்தது. அவ்வாறு காவலிழந்த உடலில் காய்ச்சல் தோன்றும்போது நுண்ணுயிர்க்கொல்லியை எவ்வளவு விரைவாக, எந்த அளவில் கொடுப்பது என்ற வினா அன்றே பிறந்து விட்டது. குழந்தைகளின் உயிரோடு தொடர்புடைய அவ்வினா இன்றும் ஒவ்வொரு சிறுவர் புற்றுநோய் விடுதியிலும் ஒவ்வோர் இரவும் எழுகின்றது.

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 ஆம் திகதி அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரம் என்னும் ஊரில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்தார். படிப்பில் அவர் முதலிற் சுடர் விடவில்லை. பதின்மூன்று வயதளவில், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்ற எண்ணத்தில் காசிக்குப் புறப்பட்டு, வழியிற் பிடிபட்டுத் தாயாரால் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. மெட்ரிகுலேசன் பரீட்சையிலும் மூன்றாவது முயற்சியிலேயே, அதுவும் சென்னைக்கு வந்து சேர்ந்த பின்னரே, சித்தி எய்தினார். தந்தையார் மறைந்துவிட்டார்; குடும்பத்திற் கையிருப்பு இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின் இராமகிருஷ்ண மிஷனிற் சேர்ந்து துறவியாக விரும்பிய அவர், மருத்துவம் பயில்வதே சேவைக்கு ஏற்ற வழி என்னும் அறிவுரையை ஏற்று சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்தார்.

அது காந்தியடிகளின் அழைப்பை ஏற்று மாணவர்கள் அந்நியத் துணிகளைத் துறந்த காலம். சுப்பாராவ் சத்திரசிகிச்சைக் கூடத்தில் கதர் அங்கியை அணிந்து நின்றார். சத்திரசிகிச்சைப் பேராசிரியராகவிருந்த ஆங்கிலேயர் பிராட்பீல்டுக்கு அது பிடிக்கவில்லை. ஏனைய பாடங்களில் நன்கு தேறியும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசாங்க மருத்துவ சேவையின் கதவும் திறக்கவில்லை. எனவே சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியொன்றில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார். ஒரு துணியின் பொருட்டு மறுக்கப்பட்ட பட்டமே அவரைக் கடல் கடக்கச் செய்தது என நாம் கருதுகின்றோம்.

கடல் கடப்பதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. அவரது சகோதரர் இருவர் எட்டே நாள் இடைவெளியில் இறந்தனர். குடல் உணவை உறிஞ்சாது, உடல் மெலிந்து, குருதி வற்றிப் போகும் ஸ்புரூ என்னும் வெப்பவலய நோயே இருவரையும் கொண்டு சென்றது. சுப்பாராவையும் அது பற்றியது. ஆயுர்வேத வைத்தியத்தினால் அவர் பிழைத்தார். எனினும் நோயின் காரணம் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மாமனாரினதும் நண்பர்களினதும் பண உதவியோடு 1920களின் தொடக்கத்தில் அவர் பொஸ்டன் நகரை அடைந்தார். சில ஆண்டுகளில் திரும்பி வருவதாக நினைத்தே மனைவி சேஷகிரியை விட்டுச் சென்றார். பின்னர் அவர் ஊர் திரும்பவேயில்லை. மனைவியை மீண்டும் காணவுமில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண் குழந்தை, தந்தை முகம் அறியாமலே மழலைப் பருவத்தில் மாண்டு போனது.

ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வெப்பவலய மருத்துவ டிப்ளோமா பயின்ற காலத்தில், மருத்துவரான அவர் வைத்தியசாலையொன்றில் இரவுநேரச் சிற்றூழியராக நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். பின்னர் சைரஸ் பிஸ்க் என்பவரின் கீழ் உயிர் இரசாயன ஆய்வில் இறங்கினார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொஸ்பரஸை நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறையை இருவரும் 1925 இல் வெளியிட்டனர். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று அது இன்றும் பாடநூல்களிலுண்டு. தசையின் இயக்கத்துக்கான சக்தியைச் சேமித்து வைக்கும் பொஸ்போகிரியேற்றினை 1927 இலும், ஏ.ரீ.பி. எனப்படும் சக்தி மூலக்கூற்றினை 1929 இலும் அவர்கள் இனங்கண்டனர். ஏ.ரீ.பி.யை ஜேர்மனியில் லோமன் என்பவரும் அதே காலத்தில் தனித்துக் கண்டறிந்தார். 1930 இல் சுப்பாராவுக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. நிரந்தரப் பதவி மட்டும் கிடைக்கவில்லை. அவரது வேறு சில கண்டுபிடிப்புகளைப் பிஸ்க் பொறாமையினால் வெளிவரவிடாது தடுத்தார் என்று, அங்கு உடன் பணியாற்றிய ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் பிற்காலத்தில் தெரிவித்திருக்கின்றார். 1988 இல் நோபல் பரிசு பெற்ற அதே ஹிச்சிங்ஸ் இக்கட்டுரையில் மீண்டும் வருவார்.

1940 இல் சுப்பாராவ் ஹாவார்டை விட்டு நீங்கி, நியூயோர்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பல்கலைக்கழகம் தராத சுதந்திரத்தை ஒரு மருந்துக் கம்பனி தந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. இரத்தச் சோகைக்கு மருந்தாகும் ஈரற் சாற்றில் அடங்கியிருந்த பொருள்களை வேறுபடுத்தும் வேலையை அவர் முன்னரே தொடங்கியிருந்தார். அதன் விளைவாக 1945 இல் அவரது குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோய்க்கும் அது நல்ல மருந்தெனக் கண்டறியப்பட்டது. இன்று நமது தாய்மார் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் சிறு மாத்திரை அதுவே.

பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையின் நோயியல் நிபுணர் சிட்னி பாபர், ஃபோலிக் அமிலத்தையொத்த பொருள்களைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை; மாறாக, என்புமச்சையில் புற்றுநோய்க் கலங்களின் பெருக்கம் துரிதமடைந்தது. வேறொருவராயின் அத்துடன் கைவிட்டிருக்கக் கூடும். ஃபோலிக் அமிலம் நோயை வளர்க்குமாயின் அதனைத் தடுக்கும் பொருள் நோயை ஒடுக்கவேண்டும் எனச் சிந்தித்த பாபர், சுப்பாராவின் உதவியை நாடினார். ஃபோலிக் அமிலம் போலவே தோற்றமளித்து, கலங்களை ஏமாற்றி அவற்றின் பெருக்கத்தை நிறுத்தும் அமினொப்டெரின் என்ற பொருளை லெடர்லேயின் இரசாயனவியலாளர் டோரிஸ் சீகர் தயாரித்தார். 1947 இன் இறுதியில் அது குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டது. பதினாறு குழந்தைகளுள் பத்துப் பேரின் நிலையிற் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. எல்லாமே தற்காலிகமானவைதாம். ஆயினும், அதற்கு முன்னர் சில வாரங்களிலோ மாதங்களிலோ சாவு நிச்சயம் எனக் கருதப்பட்ட நோய் அது. அமினொப்டெரினின் உடன்பிறப்பான மெதொட்ரெக்சேற் இன்றும் அந்நோய்ச் சிகிச்சையின் தூண்களில் ஒன்றாகும். வசதிமிக்க நாடுகளில் இந்நோயுற்ற பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் இன்று குணமடைகின்றனர்.

இதன் மறுபக்கம் கொடியது. விரைவாகப் பெருகும் கலங்களைத் தாக்கும் மருந்துக்குப் புற்றுநோய்க் கலம் எது, நல்ல கலம் எது என்ற பேதம் தெரியாது. வாயிலும் குடலிலும் உள்ள மென்படலம் புண்ணாகின்றது. என்புமச்சை உற்பத்தியை நிறுத்துகின்றது. பொதுவாக மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாள்களில் வெண்குருதிக் கலங்கள் அடிமட்டத்துக்கு வீழ்கின்றன. அவற்றுள் பற்றீரியாக்களை விழுங்கி அழிக்கும் நியூற்றோபில் என்னும் வகையே முக்கியமானது. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் அது 500 இலும் குறையுமாயின் அபாயம். அந்த எண்ணிக்கைக்கும் தொற்றுக்கும் உள்ள நேரடித் தொடர்பை அமெரிக்கத் தேசிய புற்றுநோய் நிறுவகத்தைச் சேர்ந்த ஜெரல்ட் போடியும் குழுவினரும் 1966 இல் நிறுவினர்.

நமது வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீழ் என்பது பெரும்பாலும் இறந்த நியூற்றோபில்களே. அவை இல்லாத உடலில் சீழ் கட்டாது. காயம் சிவந்து வீங்காது. நெஞ்சின் எக்ஸ்றே படமும் தெளிவாகவே இருக்கக்கூடும். குழந்தையின் குருதியில் பற்றீரியா பெருகிக்கொண்டிருக்கும்போது வெளியே தெரியும் ஒரேயொரு அறிகுறி காய்ச்சலாகவே இருக்கலாம். அதனையும் ஒரு பனடோல் மறைத்துவிடும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரன்ஹைற் என்பது மற்றைய குழந்தைக்குச் சாதாரண சூடு. இக்குழந்தைக்கு அது அபாய மணி. 1960களில், புற்றுநோய் தணிந்துகொண்டிருந்த பல குழந்தைகள் காய்ச்சல் கண்ட இரண்டு மூன்று நாள்களுள் தொற்றினால் இறந்தனர். குருதிப் பரிசோதனை அறிக்கை வரும்வரை காத்திருந்ததே பலரது உயிரைக் கொண்டுபோயிற்று.

இவ்விடத்தில் சுப்பாராவின் இரண்டாவது மருந்துக்கு வருவோம். விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்ற தாவரவியலாளர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதைக் கடந்த நிலையில் லெடர்லேயிற் சேர்ந்திருந்தார். மிசூரி பல்கலைக்கழகத்தின் பரிசோதனை வயலிலிருந்து பெறப்பட்ட ஒரு பிடி மண்ணில், பொன்னிறமான நுண்ணுயிர் ஒன்றை அவர் கண்டார். அது சுரந்த பொருளே ஓரியோமைசின். இன்றைய டெட்ராசைக்கிளின் வகை மருந்துகளுக்கெல்லாம் அது மூத்தது. 1948 டிசெம்பரில் அது விற்பனைக்கு வந்தபோது சுப்பாராவ் மறைந்து நான்கு மாதங்களாகியிருந்தன.

ஒரே கூரையின் கீழ்ப் பிறந்த இவ்விரு மருந்துகளும் ஒன்று உண்டாக்கிய குறையை மற்றொன்று தீர்த்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. ஓரியோமைசின் பற்றீரியாவைப் பெரும்பாலும் கொல்வதில்லை, வளரவிடாமற் தடுக்கின்றது. தடுக்கப்பட்ட பகைவனை அழித்து முடிக்கும் வேலை வெண்குருதிக் கலங்களுக்குரியது. அவை இல்லாத குழந்தைக்கு, தானே கொல்லும் மருந்தே தேவை. மேலும் இவ்வகை மருந்துகள் வளரும் பற்களில் நிலையான கறையை ஏற்படுத்துவதும் பின்னர் தெரியவந்தமையால், எட்டு வயதுக்குட்பட்டோருக்கு அவை பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன. இப்பணிக்கான மருந்துகள் பிற்பட்டே வந்தன. 1960களில் ஜென்டாமைசினும் கார்பெனிசிலினும் கிடைத்தபின், அறிக்கைக்குக் காத்திராது காய்ச்சல் கண்டவுடனேயே ஏற்றுவதென்ற முறை 1970களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. வைத்தியசாலையை அடைந்த ஒரு மணித்தியாலத்துள் முதல் மருந்து நாளத்தில் இறங்கவேண்டும் என்பதே இன்று பல நாடுகளின் வைத்தியசாலைகள் தமக்கு வகுத்துக்கொண்டுள்ள இலக்காகும்.

விரைவு மட்டும் போதாது. அளவும் சரியாக இருக்கவேண்டும். குழந்தையென்றாற் பெரியவரின் மருந்தில் பாதி என்பது நமது வீடுகளில் ஊறிப்போன கணக்கு. சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்துகளில் அக்கணக்குப் பிழைக்கின்றது. பச்சிளம் சிசுவின் சிறுநீரகம் முதிராதது. மருந்தை மெதுவாகவே வெளியேற்றும். ஓரிரு வயதைக் கடந்த குழந்தையோ தன் எடைக்கேற்பப் பார்க்கும்போது பெரியவரிலும் விரைவாக வெளியேற்றுகின்றது. செபெபிம் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய காய்ச்சலில் 60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை 2 கிராம். அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 33 மில்லிகிராம். குழந்தைக்கோ கிலோவுக்கு 50 மில்லிகிராம். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் 500 மில்லிகிராம் செல்லவேண்டும். 40 கிலோவை எட்டும் பிள்ளை பெரியவரின் முழு அளவையே பெறுகின்றது, அதற்குமேற் கூட்டுவதில்லை. விளக்கத்துக்காகவே நாம் இக்கணக்கைத் தருகின்றோம். எந்த மருந்து, எவ்வளவு என்பதைச் சிறுநீரகத்தின் நிலையும் அவ்விடத்துப் பற்றீரியாக்களின் எதிர்ப்புத்திறனும் அறிந்த வைத்தியரே தீர்மானிப்பார்.

காய்ச்சலும் இக்கணக்கைக் குழப்புகின்றது. காய்ச்சலில் இதயம் வேகமாக இயங்க, சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதி கூடி, மருந்து வழமையிலும் விரைந்து வெளியேறலாம். நாளத்தில் ஏற்றப்படும் சேலைன் மருந்தை மேலும் நீர்த்துப்போகச் செய்யும். செபெபிம் போன்றவை குருதியிற் போதிய செறிவுடன் எவ்வளவு நேரம் நிலைக்கின்றன என்பதே முக்கியமாதலால், ஆபத்தான நிலையில் அவற்றை மூன்று நான்கு மணித்தியாலம் நீட்டி ஏற்றுவதுமுண்டு. ஜென்டாமைசின் இதற்கு நேர்மாறானது. ஒரே தடவையில் உச்சத்தைத் தொடுவதே அதன் பலம். உடலில் அது தேங்குமாயின் சிறுநீரகத்தையும் செவிப்புலனையும் பாதிக்கும். எனவே அதன் அளவைக் குருதியிற் பரிசோதித்துக்கொண்டே கொடுக்கின்றனர். குறைந்தால் உயிர், கூடினால் செவி என்ற இக்கட்டில் நள்ளிரவில் தராசின் முன் நிற்கும் தாதியின் பொறுப்பை நாம் போதியளவு எண்ணிப்பார்ப்பதில்லை. குழந்தையின் எடையைச் சரியாக நிறுத்துப் பதிவதிலிருந்தே சிகிச்சை தொடங்குகின்றது.

மெதொட்ரெக்சேற் இங்கும் குறுக்கிடுவதுண்டு. பெனிசிலின் வகை மருந்துகள் அது உடலை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்தி நஞ்சாக்கக்கூடும். ஆகவே எந்த நாளில் எது ஏற்றப்பட்டது என்ற ஏடு பெற்றோரின் கையிலும் இருப்பது நன்று. ஹிச்சிங்ஸின் பெயரும் இங்கே திரும்புகின்றது. அவரது குழு உருவாக்கிய டிரைமெதொப்பிரிம், பற்றீரியாக்களின் ஃபோலிக் அமில வழியை அடைப்பதாகும். அதனை உள்ளடக்கிய கோ-டிரைமொக்சசோல், வெண்குருதிக் கலங்கள் குன்றிய இக்குழந்தைகளை ஒருவகை நியூமோனியாவிலிருந்து காப்பாற்ற வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள் கொடுக்கப்படுகின்றது. சுப்பாராவ் திறந்த வழியில், பொஸ்டனில் அவரோடு உழைத்தவர் நடந்தார் எனலாம்.

மஹரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் நெடுந்தூரம் பயணித்துச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. மட்டக்களப்பின் உட்கிராமத்திலோ மன்னாரிலோ இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு உடம்பு சுட்டால், விடியட்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பு. இப்பிள்ளைகளைப் பொறுத்தவரை விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்று, பிள்ளை புற்றுநோய் மருந்து பெறுவதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த விரும்புகின்றோம். டெங்குக் காய்ச்சலிலும் வேறு வைரசுக் காய்ச்சல்களிலும் குருதி அறிக்கையில் வெண்கலங்கள் குறைந்திருப்பதைக் கண்டு, அன்டிபயோட்டிக் எழுதித்தருமாறு வைத்தியரை வற்புறுத்தும் பெற்றோர் பலர். அக்குறைவு வேறு; என்புமச்சை மருந்தினால் ஒடுங்கிய குறைவு வேறு. டெங்கு வைரசை நுண்ணுயிர்க்கொல்லி தொடுவதேயில்லை. தேவையற்ற இடத்தில் அதனைச் செலவிடச் செலவிட, தேவையான குழந்தையின் உடலில் அது வேலை செய்யாது போகும். மூட்டுவாதத்துக்காக வாரத்தில் ஒருநாள் மட்டும் விழுங்கவேண்டிய மெதொட்ரெக்சேற் மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்கி வெண்கலங்களை இழக்கும் முதியோர்களும் உலகெங்கும் உள்ளனர். வீட்டில் அம்மாத்திரை இருக்குமாயின், எந்தக் கிழமையில் எடுப்பது என்பதைப் பெட்டியின் மேல் எழுதி வைக்கவேண்டும்.

சுப்பாராவுக்கு நம் நாடு பட்ட நேரடிக் கடன் ஒன்றுண்டு. 1947 இல் அவரது ஆய்வுகூடம் ஹெட்ரசான் என்னும் பெயரில் வெளியிட்ட டைஎதில்கார்பமசீனே யானைக்கால் நோய்க்கான மருந்தாகியது. நம் கரையோரங்களில் தலைமுறை தலைமுறையாக மக்களை முடமாக்கிய அந்நோய், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் அகற்றப்பட்டு விட்டதாக 2016 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வீடு வீடாக வழங்கப்பட்ட அம்மாத்திரைகளை விழுங்கிய நம்மில் எவரும் அதனைத் தந்தவரின் பெயரைக் கேட்டதில்லை.

அவரும் தம் பெயரை முன்வைத்தவரல்லர். ஃபோலிக் அமிலத்துக்கும் ஓரியோமைசினுக்கும் தம் குழுவினரே மேடையேற, அவர் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். இறுதிக் காலத்தில் விமானம் ஓட்டக் கற்று, அதில் மிகுந்த விருப்பங்கொண்டிருந்தார். 1948 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு உறக்கத்திலேயே அவரது இதயம் நின்றுபோனது. பாபரின் கட்டுரை வெளியாகி அப்போது இரண்டு மாதங்களே கடந்திருந்தன. நோபல் பரிசு அவரை அடையவில்லை. இந்தியா அவரது நூற்றாண்டான 1995 இல் முத்திரையொன்றை வெளியிட்டது. லெடர்லே ஆய்வாளர்கள் தாம் கண்ட புதிய பங்கசு ஒன்றுக்கு சுப்பாரோமைசிஸ் என அவரது பெயரை இட்டனர்.